நூருன்னிசாவுக்குப் போன பன்னிரண்டு ஓட்டு

நூருன்னிசா மேடையேறிப் பேசி நான் பார்த்ததே இல்லை. மைக்கை நீட்டினால், "அக்கா பேசுவாங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். அந்த அக்கா நான்தான், லோகேஸ்வரி. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் இளையோர்-மூத்தோர் நட்புக் குழுவைத் தொடங்கியவள், ஆறு வருடமாக அதன் செயலாளர். எல்லா மதத்துப் பிள்ளைகளும் எல்லா மதத்துப் பெரியவர்களோடும் உட்கார்ந்து பேசினால் உலகத்தில் பாதிச் சண்டை குறையும் என்று மேடைக்கு மேடை பேசிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். வாயே திறக்காமல் நல்ல பெயர் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். தொண்டியிலிருந்து வந்த அவளுடைய பாட்டனார் அங்கே ஜாலான் தெங்கு கிளானா என்ற தெருவில் ஒரு துணிக்கடை வைத்தார். பள்ளியில் படிவம் ஐந்து முடித்த வருடம் வாப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். அண்ணன் ஆஷிக்கிற்குப் போர்ட் கிள்ளானில் வேலை. கடை இவள் தலையில் விழுந்தது. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கவும் வருவார்கள், கருமாதிக்கு வேட்டி எடுக்கவும் வருவார்கள். புடவையை விரித்துக் காட்டுகிற நேரத்தில் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லிவிடுவார்களாம். அவசரப்படுத்தினால் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்பதால் இவள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பாளாம். பதினேழு வயதிலிருந்து இதுதான் அவள் படிப்பு. எனக்கு அப்படி ஒரு கடை வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, எங்கள் அமைதி நாள் பதாகைக்கு வெள்ளைத் துணி கொண்டுவந்து கொடுக்க வந்தாள். ஒரு பெரியவர் இவளைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பிக்க, எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமை, "அந்தத் துணிக்கடைப் புள்ள வரலையா?" என்று நாலு பேர் என்னிடமே கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு, நான் போட்ட விதி. ஒவ்வோர் இளைஞருக்கும் வேறு மதத்துப் பெரியவர் ஒருவர். சனிக்கிழமைகளில் அவரோடு பேச வேண்டும், மாதம் ஒரு முறை அவர் கும்பிடப் போகிற இடத்துக்குத் துணையாகப் போக வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மூசா மாமா வந்தார். நூருன்னிசாவுக்கு வந்தது என் அப்பா.

மூசா மாமாவுக்கு இருபத்து நாலு கேள்விகள் அடங்கிய தாள் தயாரித்து, பதில்களை அழகாக டைப் அடித்து வைத்தேன். "இன்னிக்கு எத்தனாவது கேள்விமா?" என்று பள்ளிக்கூடப் பையனைப் போல் வந்து உட்காருவார். அந்தத் தாளுக்கு எனக்குச் சான்றிதழ்கூடக் கிடைத்தது.

என் அப்பா நாகையா முப்பது வருடம் லோரி ஓட்டியவர். வீட்டில் அவர் என்னிடம் பேசுவது 'சாப்பாடு ஆச்சா', 'கதவைச் சாத்து', இரண்டுதான். அந்த மனிதர் இவளிடம் பேசத் தொடங்கினால் டீ ஆறி, அதில் ஈ விழுந்தாலும் தெரியாது. கோயிலுக்குப் போனால் இவள் வாசலில் அவர் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு நிற்பாள். அர்ச்சனைத் தட்டில் இருந்த வாழைப்பழத்தை அவர் இவளுக்குக் கொடுத்துவிடுவார். எனக்கு வீட்டுக்கு வருவது திருநீறும் வெற்றிலையும்தான். ஒரு வாழைப்பழத்துக்கு வயிறெரிந்த செயலாளர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்த நிலையில்தான் கடிதம் வந்தது. ஜப்பானில் நடக்கும் உலக அமைதி இளைஞர் மாநாட்டுக்கு எங்கள் குழுவிலிருந்து ஒருவர் போகலாம். வயது வரம்பு முப்பது. எனக்கு இருபத்தொன்பது முடிந்து நாலு மாதம். இந்த வருடம் விட்டால் எனக்கு ஜப்பானும் இல்லை, மாநாடும் இல்லை.

எங்கள் இருவர் பெயரும் முன்னால் வந்தன. பெரியவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று சொன்னதும் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மொத்தம் பத்தொன்பது பெரியவர்கள், அதில் பதினொரு பேர் எங்கள் கோயில் ஆட்கள். மத நல்லிணக்கக் குழுவின் செயலாளர் மனத்துக்குள் போட்ட கணக்கு இது, சிரித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை சீட்டுகளைப் பிரித்தார்கள். நூருன்னிசாவுக்குப் பன்னிரண்டு. எனக்கு ஏழு.

நானும் கை தட்டினேன். முகத்தை எப்படி வைத்துக்கொண்டேனோ தெரியாது. டீ குடிக்கும்போது மூசா மாமா மெதுவாக வந்தார்.

"கவலப்படாதேமா. பள்ளிவாசல் ஆளுங்க நாங்க அஞ்சு பேரும் ஒனக்குத்தான் போட்டோம். நம்ம புள்ளைக்கே நாம போட்டுக்கிட்டா அசிங்கம்லா."

அவர் நகர்ந்ததும், கையில் கறிபாப் பலகாரத்தோடு எங்கள் கோயில் தனலெட்சுமி ஆன்டி வந்தார்.

"கோவிச்சுக்காதே லோகா. கோயில் ஆளுங்க எல்லாம் கோயில் புள்ளைக்கே போட்டாங்கன்னு பேரு வந்துடக்கூடாது பாரு. அதான் அந்தப் புள்ளைக்குப் போட்டோம். ஒனக்கு மத்தவங்க போடுவாங்கன்னு நெனச்சோம்."

அடக் கடவுளே! இவர்கள் பெருந்தன்மை காட்டினார்கள், அவர்களும் பெருந்தன்மை காட்டினார்கள், பெருந்தன்மைக்காரர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம் என்பதால் நான் தோற்றேன். ஆறு வருடமாக நான் சொல்லிக் கொடுத்த பாடம் என் தலையிலேயே வந்து விழுந்தது.

நூருன்னிசாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏன், ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம்.

"அப்படின்னா இது சரியில்லைக்கா" என்றாள். "மறுபடி ஓட்டு வச்சிருங்க. மனசுல யாரோ அவங்களுக்குப் போடச் சொல்லுங்க."

இப்படிப்பட்டவளை எதைச் சொல்லித் திட்டுவது?

பெயரை அனுப்ப இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனால் தோற்றவளே எழுந்து மறு ஓட்டுக் கேட்டால் நன்றாக இருக்காது. மரியாதைக்காகத்தான் போட்டோம் என்று ஒரு பெரியவர் எழுந்து சொல்ல வேண்டும். வீட்டில்தான் ஒருவர் இருக்கிறாரே என்று நேராக வீட்டுக்குப் போனேன். அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்களும் மரியாதைக்குத்தானே அவளுக்குப் போட்டீங்க?"

"இல்ல."

"சொந்தப் புள்ளைக்குப் போட்டா நாலு பேரு பேசுவாங்கன்னு..."

"பேசினா பேசிட்டுப் போறாங்க. எனக்கென்ன பயம்? அந்தப் புள்ளதான் சரின்னு பட்டுச்சு. போட்டேன்."

"நான் எதுலப்பா கொறைஞ்சு போயிட்டேன்? ஆறு வருசமா நாயா ஒழைக்கிறேன்."

"யாரு இல்லேன்னா?" என்றார். தொலைக்காட்சியை அணைத்தார். "ஒங்கம்மா போன அன்னிக்கு நான் ஏன் வார்டுக்கு வரலேன்னு ஒம்பது வருசமா நீ கேட்டதில்ல. அவ கேட்டா."

கேட்கவில்லைதான். என்ன கேட்பது? அம்மா மூச்சு விட முடியாமல் கிடந்தபோது இந்த மனிதருக்கு லோரி பெரிதாகப் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, அந்தக் கோபத்தை ஒன்பது வருடமாக வைத்திருந்தேன்.

"இப்ப கேக்கறேன். சொல்லுங்க."

அப்பா தலையை ஆட்டினார். "ஒரு தடவ சொன்னதுக்கே ரெண்டு நாள் சாப்பிட முடியல. என்னால ஆகாதுமா. அந்தப் புள்ளகிட்டயே கேட்டுக்க. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லு."

திங்கட்கிழமை நூருன்னிசாவின் பெயரை நானே டைப் அடித்து அனுப்பினேன். மனம் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அனுப்பும்போதும் வயிறு எரிந்தது. ஜப்பானை எடுத்துக்கொள்ளட்டும், தொலைந்து போகிறது. என் வீட்டுக்குள் நடந்த ஒன்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறதே, அதை என்ன செய்வது?

மறுநாள் மாலை கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். வருவதாகச் சொல்லியிருந்ததால் நூருன்னிசா நிலையத்துக்கே வந்து காத்திருந்தாள். எதற்கு வந்தேன் என்று அவள் கேட்கவில்லை. பிளாட்பாரத்தின் ஓரத்தில், ஆள் இல்லாத இருக்கையில் உட்கார்ந்தோம்.

"அப்பா அன்னிக்கு ஏன் வரலே?" என்றேன்.

நூருன்னிசா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதறிவிடத்தான் தோன்றியது.

"வந்தாருக்கா. ஆஸ்பத்திரிக்கு வெளிய ரோட்டோரத்துல லோரிய நிறுத்திட்டு, காலையிலேர்ந்து அதுக்குள்ளயே ஒக்காந்திருந்தாரு. மேல ஏறி வந்து பாக்கத் தைரியம் வரலையாம். நீங்க அழுதுக்கிட்டே வெளிய வந்ததப் பாத்துதான் அம்மா போயிட்டாங்கன்னு அவருக்குத் தெரியும்."