வெறும் பூச்சு விரிசல்தான்

எனக்கு எழுபத்து மூன்று வயது. மூன்று பிள்ளைகளைப் பெற்று, தாயில்லாத என் தங்கை மகனையும் சேர்த்து நாலு பேரை ஆளாக்கினேன். எல்லாம் தேனாம்பேட்டையில், இந்த அடுக்குக் குடியிருப்பின் கீழ்வீட்டில்தான். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். மற்றதை நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். என் வாயில் வருகிற வசவுகளை மட்டும் எழுத மாட்டேன் என்கிறாள். அதனால் எங்கள் பிளாக் தலைவரைப் பற்றி நான் சொல்வதில் பாதிதான் உங்களுக்கு வந்து சேரும்.

சில வருஷங்களுக்கு முன்பு, மழைக்காலம் ஓய்ந்த கையோடு, மாடிப்படிக்கு அடியில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். தோளை உரசியபடி ஒரு சிமெண்டுத் துண்டு விழுந்தது. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் சுண்ணாம்பு வெள்ளை. திருப்பினால் செம்மண் நிறத்தில் துரு, நடுவில் கம்பி படுத்திருந்த பள்ளம். அதை எடுத்துக்கொண்டு நேராகத் தலைவரிடம் போனேன். அவர் கேட்டருகில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். யாரும் ஓட்டுப் போட்டுத் தலைவரானவர் இல்லை. எல்லாரையும்விட உரக்கப் பேசித் தலைவரானவர்.

“வெறும் பூச்சுக்கா. வெயில்ல வெடிச்சிக்கீது. கண்டுக்காத.”

“மாடிப்படிக்கு அடியில வெயிலு எப்பிடிய்யா வந்துச்சு?”

“பேஜார் பண்ணாதக்கா. நம்ம பிளாக்குல கிராக்கே கெடையாது.”

அப்படிச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றோரத்தில் இருந்த அவருடைய அக்கா குடும்பத்தை, வீடு சரியில்லை என்று சர்க்காரில் எழுதி, தட்டுமுட்டுச் சாமானோடு லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அங்கே வீடு இருந்தது, வேலை இல்லை. பழைய வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த அம்மா வந்து இவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுததை நானும் பார்த்தேன். அன்றிலிருந்து தலைவருக்கு ஒரே கொள்கை: விரிசல் என்று ஒருவன் எழுதினால் நாம் எல்லாரும் லாரி ஏற வேண்டியதுதான். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அண்ணா சாலை ஓரத்தில் இட்லி விற்று நாலு பேரைப் படிக்கவைத்தவள் நான். வாடிக்கைக்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டா போக முடியும்?

ஆனால் பயப்படுகிறவன் எதற்குப் பயப்படுவது என்றாவது தெரிந்து பயப்பட வேண்டாமா? மேற்குப் பக்கச் சுவரில் தலைமுடி போல மெல்லிசாக ஓடுகிற கோடுகள் வெறும் பூச்சுதான்; அவை நான் கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து அப்படியே இருக்கின்றன. தலைவர் அவற்றைத் தேடித் தேடி, பிளாஸ்டிக் மக்கில் வெள்ளை சிமெண்டு குழைத்து, பட்டி பார்ப்பார். உத்தரமும் செங்கல்லும் சேருகிற இடத்தில் ஒரு நேர்கோடு கோடைக்குக் கோடை தலைகாட்டும். அதற்கும் பட்டி. பம்பைச் சுற்றிய சிமெண்டுத் தரை வேப்ப வேரால் பிளந்து கிடக்கிறது. கால் தடுக்குமே தவிர, யார் தலையிலும் விழாது. அதற்கும் ஒரு மக்கு. ஆனால் மாடிப்படிக்கு அடியில், கம்பி போகிற வழியாகவே விரிசல் ஓடி, பழுப்புத் தண்ணீர் கசிந்து, விளக்குமாற்றுக் கட்டையால் தட்டினால் பொத்துப் பொத்தென்று சத்தம் கேட்கிறதே, அந்த இடத்தை மட்டும் அண்ணாந்து பார்க்கவே மாட்டார். எனக்கு எரிச்சலாக வராதா?

பிளாக்கைப் பார்க்க சர்க்கார் இன்ஜினியர் வருகிறார் என்று சேதி வந்தது. மறைக்கிற வேலையைத் தலைவர் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். பீரோவைச் சுவரோடு தள்ளு, சாமி படத்தை நகர்த்தி மாட்டு, ஈரக் கம்பளியைக் கைப்பிடிச் சுவரில் போடு. நான் முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறினேன், நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று. அவர் யாரையும் வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. எந்தப் பஞ்சாயத்தும் படிக்கட்டிலேயே முடிந்துவிடும். அன்று கதவு திறந்திருந்தது. உள்ளே போய்விட்டேன்.

கட்டிலுக்கு மேலே ஒரு பிளெக்ஸ் பேனர். அவர் பேத்தியின் காதுகுத்துக்கு வைத்தது. நாலு மூலையிலும் கயிறு கட்டி, பந்தல் போலத் தொங்கவிட்டிருந்தார். படத்திலிருந்த குழந்தையின் கன்னம் கீழே தொய்ந்து கிடந்தது. கூரையிலிருந்து உதிர்ந்த சிமெண்டுத் தூளும் கட்டியும் அதில் சேர்ந்திருந்தன. அதற்கு மேலே கூரையில் கம்பிகள் வரிசையாக விலா எலும்பு மாதிரி தெரிந்தன.

“யோவ், இதுக்கு அடியிலயா படுத்துக்கினு கீற?”

“நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேங்க்கா” என்றாள் அவர் சம்சாரம். “பொலபொலன்னு கொட்டிக்கினே கீது. கேட்டா, பேனரு தாங்கும்ன்றாரு.”

தலைவர் தலையைச் சொறிந்தார். “இத்தோட பாத்தா, உன் வூட்டு கிராக்கெல்லாம் ஒரு கிராக்காக்கா? அதான் பூச்சுன்னேன்.”

இந்த மனிதரை என்ன செய்வது? இவ்வளவு நாளும் எங்கள் எல்லார் சுவரையும் தன் கூரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, நல்லா இருக்கு என்று சொல்லிவந்திருக்கிறார்.

“இத்தப் பாத்தா மொத்த பிளாக்கையும் எழுதிடுவாங்க” என்றார், குரல் இறங்கி. “என் வூட்டால எல்லாரும் லாரி ஏறணுமா, நீயே சொல்லு.”

“மறைச்சா, மொத்தமும் கெட்டுப்போச்சுன்னு நெனப்பாங்க. காட்டினா, எது கெட்டதுன்னு பாப்பாங்க” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, ஒவ்வொரு வீட்டு வாசலையும் எண்ணிக்கொண்டேதான் கீழே இறங்கினேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால் இருபத்திநாலு குடும்பமும் என்னைத்தானே தூற்றும்?

வந்தவள் ஒரு சின்னப் பெண். கையில் சுத்தியல். கைப்பிடிச் சுவர்களைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, எல்லாரும் ஒரே நாள்ல கம்பளி துவைச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். நான் அவளை மாடிப்படிக்கு அடியில் நிறுத்திக் காட்டினேன். பிறகு கையைப் பிடித்து மூன்றாம் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தலைவர் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“நகருய்யா. உன் பேத்தி கன்னம் கிழியறதுக்குள்ள நகரு.”

நகர்ந்தார்.

அந்தப் பெண் ஸ்டூல் போட்டு ஏறித் தட்டினாள். மொட்டை மாடிக்குப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் பீரோவை நகர்த்தச் சொன்னாள். பிளாக் முழுக்கப் படிக்கட்டில் வந்து நின்றது. நான் ஆபத்து என்று காட்டிய இன்னொரு விரிசலை, “இது ஒண்ணும் இல்லம்மா” என்று ஒதுக்கினாள். அது அவள் கணிப்பு. கடைசியில், “மேல் வீட்டுக் கூரையும் மாடிப்படியும் உடனே செய்யணும். மொட்டை மாடியில தண்ணி நிக்கக் கூடாது. மத்தபடி கட்டடம் நிக்கும்” என்றாள். நிக்கும் என்ற அந்த ஒரு வார்த்தைக்கு, ஒருவர் பின் ஒருவராக நாங்கள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

கூரைக்கு முட்டுக் கொடுத்து, உளுத்ததைக் கொத்தி, கம்பியைத் தேய்த்துப் பூசி முடிக்கும்வரை தலைவரும் சம்சாரமும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தார்கள். அதுதான் எனக்குத் தண்டனை. மத்தியானம் சாப்பிட்டுப் பாயில் மல்லாந்தால் போதும், அவர் கை மேலே நீளும்.

“யக்கா, தோ, ஒண்ணு கீது பாரு.”

“வெறும் பூச்சுய்யா. கண்டுக்காத.”

“இல்லக்கா, அது நகருது. எதுக்கும் ஒரு தபா தட்டிப் பாரேன்.”

தட்டினேன். அடுத்த நாள் வேறு இடம். பாயை அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் இழுத்துக்கொண்டே இருந்தார்.

இன்றைக்கு நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம். அவர் தன் வீட்டிலேயே இருக்கிறார், புதுக் கூரையின் கீழ். ஆனால் எனக்கு நிம்மதி உண்டா? இப்போது நூல் கனத்தில் ஒரு கோடு விழுந்தாலும் மேலிருந்து சத்தம் வருகிறது: “யக்கா, விளக்குமாறு எடுத்துக்கினு வா!” என் முழங்காலுக்கு யார் பட்டி பார்ப்பது?

போதும் கண்ணு, பேனாவை வை. இப்ப இத்த எனக்குப் படிச்சுக் காட்டு. இங்க வேணாம், படிக்கட்டுல நின்னு படி. தலைவர்னு வர்ற எடத்துல எல்லாம் சத்தமா படி. மேல கதவு தொறந்துதான் கீது.