தண்ணீர் டிரம்மின் மூடி

என் அக்கா வீட்டில் தண்ணீர் டிரம்முக்கென்று தனியாக மூடி கிடையாது. ஒரு தகரப் பலகைதான் மூடி. அதில் நீல பெயின்டில் 'வீடு வாடகைக்கு' என்று எழுதியவன் நான். பெயின்டராக நான் பிடித்த முதல் எழுத்து வேலை அது. 'வா'வுக்குக் கால் கொஞ்சம் கோணல். கீழே அக்காவின் போன் நம்பர். அக்கா புருஷன், அதாவது என் மாமா, பிளம்பர். பகல் முழுக்க யார் வீட்டுத் தொட்டிக்குள்ளாவது தலையை விட்டுக்கொண்டிருப்பார், போன் எடுக்க மாட்டார். அதனால் வீடு கேட்டு வருகிற போனெல்லாம் அக்காவுக்குத்தான் வரும்.

ஏற்கெனவே வாடகைக்கு விட்டிருக்கும் வீடு காலியானால், "பலகைய எடுத்துட்டுப் போறேன்" என்று மாமா சொல்லிவிட்டு எடுத்துப் போவார். சொல்லாமல் கொள்ளாமல் மூடி காணாமல் போனால், அது அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு. நேரில் சொல்ல மாமாவுக்கு வாய் வராது. அக்காவும் ஒன்றும் கேட்க மாட்டாள். பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பிப்பாள். இருபத்திரண்டு வருடத்தில் ஐந்து முறை அப்படிச் சுற்றினாள்.

தொடக்கம் ஒரு குளியலறைச் சுவர். அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம். சுவர் ஊறுகிறது என்று ஒருவர் மாமாவைக் கூப்பிட்டார். மூன்று கொத்தனார்கள் பார்த்துவிட்டுக் கைவிட்ட சுவர். மனிதர் வெறுத்துப்போய், வந்த விலைக்கு வீட்டையே தள்ளிவிட இருந்தார். மாமா சுவரில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். மாடிக் குழாயில் ஒரே ஓர் இணைப்பு விட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பார்கள். மாமா, "அரை நாள் வேலைங்க. இதுக்குப் போயி வீட்ட விக்காதீங்க" என்றார். அந்த மனிதர் நம்பவில்லை. "அவ்வளவு தைரியம் இருந்தா நீயே வாங்கிக்கயேன்" என்றார். அக்கா கையிலிருந்த வளையல்கள் கழன்றன, மாமா வீட்டுக்காரர் ஆனார்.

அதிலிருந்து ஒழுகும் வீடுகள்தான் அவர் கணக்கு. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற வீட்டுக்குள் இவர் சிரித்துக்கொண்டே நுழைவார். மலிவாக வாங்குவார். உடனே அதில் குடியேறிவிடுவார். அதில் இருந்துகொண்டே, வெளிவேலை முடிந்து வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்வார், ஒரு சுவர் இந்த மாதம், ஒரு குழாய் அடுத்த மாதம் என்று. வீடு நல்லபடியாகிற அன்றைக்கு மூடி காணாமல் போகும். அடுத்த ஒழுகலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒருமுறை எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டேவிட்டேன்.

"ஏன் மாமா, நல்லா சரி பண்ண வீட்டுல ஒரு தடவையாச்சும் நீங்க இருந்தா என்ன?"

"மாப்ள, நல்ல வீட்டுல நாம உக்காந்துகிட்டா, ஒழுகுற வீட்டுக்கு எவன் வாடகை தருவான்?"

அவர் கெட்டவர் இல்லை. கஞ்சன் என்றும் சொல்ல மாட்டேன். வாடகைக்கு இருப்பவர்கள் அவருக்குச் 'சாவிக்கொத்து' என்று பெயர் வைத்திருந்தார்கள். இடுப்பில் அத்தனை சாவி. ஆனால் அவர்கள் வீட்டில் ஒரு குழாய் சொட்டுகிறது என்றால் சாப்பாட்டுக் கையோடு எழுந்து போவார். அவருடைய சொந்த அடுப்படியில் சொட்டுகிற குழாய்க்குக் கீழே அக்கா வாளி வைத்துக்கொண்டிருப்பாள். சின்ன வயதில் அவர் குடும்பத்தின் சாமான்களை வீட்டுக்காரர் ஒருவர் மழையில் தெருவில் எடுத்து வைத்தாராம். அவருடைய அப்பா நனைந்த பாயைப் பிழிந்துகொண்டே நின்றாராம். ஒரே ஒருமுறைதான் அதை என்னிடம் சொன்னார். எனக்கும் உங்கக்காவுக்கும் வயசான காலத்தில் யாரும் 'வெளியே போ' என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான் மாப்ள என்றார்.

அக்கா தையல்காரி. ஒவ்வொரு வீடு மாறும்போதும் மெஷினின் தலையைக் கழற்றி, போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து வருவாள். ஒழுகும் வீடுகளில் ஜன்னல் சின்னதாக இருக்கும், அல்லது திறக்க வராது. நாற்பதைத் தாண்டிய பிறகு ஊசியில் நூல் கோர்க்க அவளுக்குக் கண் தெரியவில்லை. வாசல்படிக்கு வந்து வானத்தைப் பார்த்துக் கோர்ப்பாள். இருமலும் அப்போதே வந்துவிட்டது. ஆறாவது வீட்டின் பின்சுவர் என்ன செய்தும் காயவில்லை. அந்தச் சுவரை ஒட்டித்தான் அவள் படுக்கை. நான் நாலு முறை சுரண்டி பெயின்ட் அடித்தேன். நாலு முறையும் உப்பிக்கொண்டு வந்தது.

ஏழாவது வீட்டுக்குக் கூரையே பாதி இல்லை, குடியேற வழியில்லை. அதனால் ஆறாவதில் இருந்துகொண்டே ஏழாவதைச் சரி செய்தார்கள். மாடி வீடு. முன்னறையில் ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல், காலை வெயில் நேராக உள்ளே விழும். அக்கா ஒருநாள் வேலை பார்க்க வந்தவள் அந்த ஜன்னல் முன்னால் நின்றுவிட்டாள். பையிலிருந்து ஊசியை எடுத்தாள், நூலை எடுத்தாள். ஒரே தடவையில் கோர்த்தாள்.

"ஏங்க, இந்த வீடு எனக்கு வேணும். இங்க மெஷினப் போட்டு உக்காரணும். வேற ஒண்ணும் கேக்கல."

மாமா என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "சரி. இது உனக்குத்தான்" என்றார். என் காதால் கேட்டேன். வெளிர் பச்சை நிறம் அக்காவே எடுத்துக் கொடுத்தாள். அந்த அறைக்கு நான் மூன்று பூச்சு அடித்தேன், கூலி வாங்கவில்லை.

குடியேற இருந்த வாரம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. நுரையீரல். ஒரு வாரம் என்றார்கள், பிறகு ஒரு மாதம் என்றார்கள். அந்தச் சமயத்தில் மாமா பலகையை என்னிடம் கொண்டுவந்து, "எழுத்து மங்கிப் போச்சு மாப்ள, கொஞ்சம் தூக்கிக் குடு" என்றார். மங்கிய எழுத்தின் மேல் மறுபடி நீலம் ஓட்டிக் கொடுத்தேன். எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குப் பதில் சொல்ல வாய் வந்திருக்காது, ஒருவேளை பலகையைத் திரும்ப எடுத்துப் போயிருப்பார். அந்த ஒரு கேள்வியை நான் விழுங்கினேன். மாமாவைத் திட்டும்போதெல்லாம் இதுவும் கூடவே வந்து நிற்கிறது.

மறுநாள் காலை நான் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அவள் போன் அடித்தது. ஒரு பெண் குரல், எனக்கும் கேட்டது.

"பலகை பாத்துப் பேசறேங்க. அந்தப் பச்சை பெயின்ட் அடிச்ச மாடி வீடு காலியா இருக்குங்களா?"

நான் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் போனைப் பிடுங்கப் போனேன். அக்கா கையால் தடுத்தாள். இருபத்திரண்டு வருடமாகச் சொன்ன அதே குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஆமாம்மா, காலியாத்தான் இருக்கு. தண்ணிக்குக் கஷ்டமில்ல. முன் ரூம்ல பெரிய ஜன்னல், வெளிச்சம் நல்லா வரும். எத்தன பேரும்மா?"

"நானும் அவரும்தாங்க. எனக்கு இது எட்டாம் மாசம்."

"அப்படியா? படி கொஞ்சம் செங்குத்து, கைப்பிடியப் புடிச்சு ஏறு. வெயில் ஏறினதும் குழந்தைய அங்க காட்டு, ஒடம்புக்கு நல்லது."

போனை வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அன்றைக்கு மாமாவிடம் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். "அவ வர்ற வரைக்கும் சும்மாதான பூட்டிக் கிடக்குன்னு நெனச்சேன் மாப்ள. வந்ததும் காலி பண்ணச் சொல்லிடலாம்னு..." என்றார். அவருக்கு அது தப்பென்றே தோன்றவில்லை. பூட்டிக் கிடக்கும் வீடு அவர் கண்ணுக்குத் திறந்து விட்ட குழாய் மாதிரி. அடைக்காமல் இருக்க முடியவில்லை.

அக்கா இரண்டு மாதம் கழித்து ஆறாவது வீட்டுக்கே வந்தாள், அந்தப் பின்சுவர் பக்கத்துக்கே. மாடி வீட்டில் அதற்குள் குழந்தை பிறந்திருந்தது. மாமா காலி பண்ணச் சொல்வதற்கென்று கிளம்பிப் போனார். போனவர் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஜன்னல்கிட்ட தொட்டில் கட்டியிருக்காங்க. தூங்குது. எனக்குக் கேக்க வரல."

"நல்ல வேள, கேக்காம வந்தீங்க" என்றாள் அக்கா. "மழையில தூக்கி வெக்கவா அத்தன வீடு வாங்கினீங்க?"

அதற்குப் பிறகு அவள் நாலு மாதம் இருந்தாள். நூல் கோர்க்க வேண்டும் என்றால் நான் கோர்த்துக் கொடுப்பேன். கடைசியில் அதுவும் கேட்கவில்லை. எழுபது வயது வரை இருக்க வேண்டியவள் ஐம்பதைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அப்பா அம்மா போனபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து மாடி வீட்டில் குடியிருந்தவர்கள் வேலை மாற்றலாகிப் போனார்கள். மாமா என்னைக் கூப்பிட்டுவிட்டார், பெயின்ட் அடிக்க. போவதில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அறைக்கு வேறொருவன் கை வைப்பதையும் மனசு கேட்கவில்லை. "என்ன கலரு?" என்று முறைப்பாகக் கேட்டேன். "அதே பச்சைதான்" என்றார். தொட்டில் கயிறு உரசிய இடத்தில் பட்டி பூசிச் சமன் செய்து, அதே பச்சையை அடித்தேன்.

மூன்றாம் நாள் மாமா படியேறி வந்தார். போர்வையில் சுற்றிய ஒன்றைக் குழந்தை மாதிரி கையில் ஏந்தியிருந்தார். மெஷினின் தலை. ஜன்னல் ஓரம் மேஜையைப் போட்டு, அதைப் பொருத்தி, எண்ணெய் விட்டு, துணியால் துடைத்தார். பக்கத்தில் அக்காவின் முக்காலியை வைத்தார். அதில் அவர் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

அப்போது அவர் சட்டைப்பையில் அக்காவின் போன் அடித்தது. காலி செய்து போன பெண் யாரிடமோ சொல்லியிருப்பாள். மாமா எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் பேசுவதை முழுசாகக் கேட்டார்.

"இல்லைங்க" என்றார். "அந்த வீட்டுக்கு ஆள் வந்தாச்சு."

நான் சுவர்ப்பக்கம் திரும்பி, காய்ந்துபோன இடத்திலேயே மறுபடியும் பிரஷ்ஷை ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை. ஆனால் அழுகையும் நிற்கவில்லை.

இப்போது தினமும் வேலைக்குப் போகிற வழியில் மாமா மாடியேறி அந்த ஜன்னலைத் திறந்துவைக்கிறார், மெஷினைத் துடைக்கிறார், சாயங்காலம் வந்து மூடுகிறார். அவர் குடியிருப்பது அந்த ஆறாவது வீட்டில்தான். பின்சுவர் இன்னும் காயவில்லை. டிரம்மின் மேல் மூடி அப்படியே இருக்கிறது.