உப்பில்லா விரதம்

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

தறி நெய்யும் என் மகனுக்கு மனநோய் வந்து, நாள்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தான். மெட்ராஸ் டாக்டர் தந்த லித்தியம் மாத்திரையில் ஒரு வருடமாக நன்றாக இருந்தான். அந்த நன்றிக்காக, ஆடிக் கிருத்திகை வரை அவனுக்கு உப்பில்லாச் சோறு போடுவதாகத் திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்.

பத்தாம் நாள் அவனுக்குக் கை நடுங்கியது, வாந்தி வந்தது, நாக்கு குழறியது.

"குடிச்சிக்கினு வந்தியாடா?" என்று அதட்டினேன்.

"அவரு எங்க குடிச்சாரு, அத்தே? கெளம்புங்க, டாக்டராண்ட போலாம்" என்று மருமகள்தான் பஸ் ஏற்றினாள்.

"சாப்பாட்டுல எதனா மாத்துனீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"உப்பு மட்டும் போடலீங்க. சாமி விரதம்."

"இந்த மாத்திரை சாப்பிடறவங்க உப்பை நிறுத்தினா, மருந்து உடம்புலயே தேங்கி விஷமாயிடும். நல்லவேளை, இன்னிக்கே வந்தீங்க."

ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அவனைத் தேற்றி அனுப்பினார்கள். யாருக்கும் தலைகுனியாத நான் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டேன். இதை எழுத அவளுக்குக் கூச்சம். நான்தான் எழுதச் சொன்னேன்.

இப்போதெல்லாம் எந்த விரதமானாலும் முதலில் டாக்டரைக் கேட்கிறேன். கிருத்திகைக்கு நான் உப்பை விடுகிறேன். அவன் இலையில் மட்டும் முதலில் உப்பைத்தான் வைக்கிறேன்.