திரும்பிப் போன சோற்றுத் தட்டு

1963 டிசம்பர் 24, செவ்வாய்க்கிழமை. பதுளையிலிருந்து மட்டக்களப்புக்குக் காலை ஆறு மணிக்கு பஸ் என்றார்கள். அது தன் இஷ்டத்துக்கு ஆறே முக்காலுக்குக் கிளம்பியது. கட்டணம் நாலு ரூபாய் இருபது சதம். தூரம் நூறு மைலுக்குக் கொஞ்சம் கூட. பக்கத்தில் வின்சன்ட். ஒரே கந்தோரில் வேலை, எங்கள் மேசைகள் எதிரெதிரே. அவர் மட்டக்களப்புப் பறங்கியர்; வீட்டில் போர்த்துக்கீசும் வெளியில் தமிழும் பேசுகிறவர். யாழ்ப்பாணத்துச் சைவனான எனக்கு நத்தார், அதாவது கிறிஸ்து பிறப்பு, என்றால் ஒரு நாள் லீவு, அவ்வளவுதான். வந்து பாருங்கள் என்று வருடாவருடம் நச்சரிப்பவர் இம்முறை கேட்ட விதமே வேறு. தனியாகப் போகப் பயமாயிருக்கிறது என்றார்.

பிபிலை தாண்டியபிறகுதான் காரணம் வெளிவந்தது. அவருடைய தம்பி ரொனால்ட் மீன்பிடி வள்ளமொன்றில் மெக்கானிக். ஐப்பசிக் கடைசியில் அந்த வள்ளத்தைப் பழுதுபார்க்கத் திருகோணமலைக்குக் கொண்டுபோன மூவரில் அவரும் ஒருவர். வள்ளம் போய்ச் சேரவில்லை. வாகரைக் கரையில் பலகைகள் ஒதுங்கின, ஆட்கள் ஒதுங்கவில்லை. மற்ற இருவரும் சைவர்கள். அவர்கள் வீடுகளில் காரியம் செய்து முடித்துவிட்டார்கள். ரொனால்டின் மனைவி மேபல் மட்டும் கறுப்பு உடுக்க மாட்டேன் என்கிறாள். போதாததற்கு நத்தார் கேக் அடித்துக்கொண்டிருக்கிறாளாம்.

சாவு விழுந்த வீட்டில் முதல் வருடம் பண்டிகை இல்லை. இது பறங்கியருக்கும் தமிழருக்கும் பொதுவான வழக்கம். ஆகவே அவள் கேக் அடித்தால் புருஷன் உயிரோடிருக்கிறான் என்று ஊருக்குச் சொல்வதாக அர்த்தம். அதை நிறுத்தச் சொல்லும் வேலை வின்சன்டின் தலையில் விழுந்திருந்தது.

மகா ஓயாவில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஓடியது. வடியும்வரை ஒரு மணித்தியாலம் காத்துக்கிடந்தோம். செங்கலடியில் வெறுந்தேநீர், பத்துச் சதம். சீனி மட்டும்தான் அதில் தெரிந்தது. மாலை நான்கு மணிக்குக் கல்லடிப் பாலத்தைக் கடந்தபோது வாவி சேற்று நிறத்தில் கரைமுட்டக் கிடந்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் இருந்தது ரொனால்டின் வீடு. இரண்டு பக்கமும் தண்ணீர் இரைந்தது. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

மேபலுக்கு முப்பது வயதிருக்கும். பச்சைக் கவுனில் வந்து எங்களை வரவேற்றாள். பயணத்தைப் பற்றி நூறு கேள்வி கேட்டாள். வின்சன்ட் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஏதாவது தின்னத் தந்தாள். மேசையில் கேக் தட்டுகள் இருந்தன. காத்தான்குடி முஸ்லிமான வள்ளத்து முதலாளிக்குப் பிராந்தி சேராத கேக். பக்கத்து வீட்டுப் பூரணத்துக்குத் திருவெம்பாவை விரதமானதால் முட்டை ஆகாது. வாழைப்பழமும் கற்கண்டும் மட்டும். யார் வீட்டுக்கு எது போகும் என்று எனக்கு விளக்கிச் சொன்னாள்.

சற்று நேரத்தில் அந்த முதலாளியே சைக்கிளில் வந்தார். வருடாவருடம் தருகிற நெய்ப் போத்தலைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே வரவில்லை. படலையடியில் வின்சன்டிடம், காணாமற்போனவனுக்காகக் காத்திருக்கத் தங்கள் மார்க்கத்தில் இடமுண்டு, செத்தான் என்று தன் வாயால் சொல்ல முடியாது என்றார். நெய்யைக் கொடுத்துவிட்டு அவசரமாகப் போய்விட்டார். வின்சன்டும் தான் வந்த வேலையை மறுநாளுக்குத் தள்ளிப்போட்டார்.

25, புதன். விடியுமுன் பிள்ளையார் கோயில் சங்கு ஊதியது. அது ஓயுமுன் மாதாகோயில் மணி. அவர்களோடு நானும் பூசைக்குப் போய்க் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பாலன் பிறப்புக்கு எல்லோரும் பாட, மேபலும் பாடினாள். அவளைச் சுற்றி இருந்தவர்கள்தான் பாட்டைத் தவறவிட்டார்கள்.

திரும்பி வந்து தட்டுகளை மூடிக்கொண்டிருந்தபோது பூரணம் வந்தார். ஐம்பது வயது, தலை ஈரம், கையில் வாழையிலையால் மூடிய பெரிய தட்டு. சாவீட்டில் முதல் வருடப் பண்டிகைநாளில் அடுப்பு மூட்டக்கூடாது, அயல்தான் சோறு கொடுக்கவேண்டும். அவர் அன்பாகத்தான் கொண்டுவந்தார். ஆனால் அந்தத் தட்டு வாசற்படியைத் தாண்டினால் ரொனால்ட் செத்துவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அடுப்ப மூட்டாத புள்ள. நான் சோறு கொண்டந்திரிக்கன்" என்றார் பூரணம்.

மேபல் வாசலை மறித்து நின்றாள். சண்டை வரப்போகிறதென்று நினைத்தேன். அவள் குரல் எழும்பவே இல்லை.

"எனக்கும் தெரியும் அக்கா. பலகை வந்த அண்டைக்கே தெரியும். இண்டைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க. அவருக்கு நத்தார் எண்டா உயிர். சோற நாளைக்குக் கொண்டு வாங்க."

பூரணம் தட்டை விறாந்தைக் கட்டைச் சுவரில் வைத்தார். உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். தனக்கென்று எடுத்துவைத்திருந்த தட்டிலிருந்து ஒரு பழத்தை உரித்துத் தின்றார். சாவுத் தீட்டுள்ள துடக்கு வீடு என்று அவர் நிச்சயமாக நம்பிய வீடு. விரத காலத்தில் அங்கே கை நனைத்தார். எங்கள் ஊரில் எந்தச் சைவப்பழமும் அதைச் செய்திருக்காது, நான் உட்பட. போகும்போது சோற்றைத் திரும்ப எடுத்துப்போனார்.

பின்னேரம் வயலின்காரர் நாலுபேர் வீடுவீடாக வாசித்துக்கொண்டு வந்தார்கள். இந்த வீட்டுக்குக் கிட்ட வந்ததும் நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து நடந்தார்கள். மேபல் படலைக்கு ஓடிப்போய் உள்ளே கூப்பிட்டாள். ரொனால்டுக்குப் பிடித்த ஆட்டப் பாட்டை வாசிக்கச் சொன்னாள். அவர்கள் வாசித்தார்கள். யாரும் ஆடவில்லை. எல்லோரும் கேக் தின்றோம். ரொனால்டின் பேச்சை எடுக்காமல் இருப்பதே அன்று எங்கள் வேலையாயிருந்தது. அப்படியொரு துக்கமான கொண்டாட்டத்தை நான் கண்டதில்லை.

26, வியாழன். ஏழரை பஸ்ஸுக்கு நான் மட்டும் புறப்பட்டேன். வின்சன்ட் ஆத்மசாந்திப் பூசைக்காக நின்றுவிட்டார். நான் படலையைத் திறக்கும்போது பூரணம் தட்டோடு எதிரே வந்தார். புதிதாகச் சமைத்த சோறு, ஆவி பறந்தது. மேபல் கறுப்பு உடுத்து வாசலில் நின்றாள். இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கின கையோடு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். பூரணம் பக்கத்தில் குந்தி, ஒரு பிடி பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனார்.

எங்கள் ஊரிலும் சாவீட்டுக்குச் சோறு கொடுத்தனுப்புவோம். அது பசிக்காக என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.