ஒரு டைல்கூட வெட்டாத சுவர்

தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். டைல்ஸ் ஒட்டுவது தொழில். மட்டம் பார்க்கும் அந்தக் கட்டை கையில் இல்லாத நாளிலும் கண் சும்மா இருக்காது. விருந்துக்குப் போன இடத்தில்கூட மேசை ஒரு பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். ஊரார் குளியலறைகளுக்கெல்லாம் பளபளப்பு ஏற்றியவர் வீட்டில் மட்டும் பொரிந்துபோன சிமெண்டுத் தரை. மனைவி கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாசம்" என்பார்.

அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆன பிறகுதான் அந்த அடுத்த மாதம் வந்தது. அவள் தேறி நடக்கத் தொடங்கிவிட்டாள். குளிக்க மட்டும் மகள் வேண்டியிருந்தது. மகள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, பாத்திரம் அலசுவதுபோல் அலசிவிட்டு ஓடுவாள்.

"கதவைச் சாத்திக்கிட்டு நானே குளிக்கணும். அதுக்கு ஏத்த மாதிரி ஒரு ரூம் பண்ணிக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள் கணவரிடம்.

அவரும் நன்றாகவே செய்தார். வாசற்படித் தடுப்பை எடுத்தார். தரைக்குச் சொரசொரப்பான சின்ன டைல் போட்டு, தண்ணீர் வடிகிற பக்கம் வாட்டம் கொடுத்தார். கைப்பிடிக் கம்பியை ஒப்புக்குத் திருகாமல் செங்கல்வரை துளைத்துப் பதித்தார். பல வீடுகளில் இதைச் செய்வதில்லை. வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் வைத்தார்.

சறுக்கியது சுவரில். கூரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம் இருந்தது. அதை விட்டுவைத்தால் சுற்றியுள்ள டைல்களை மூலை வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டிய டைலை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. செங்கல் வைத்து அடைத்து, மேலே முழு டைலாகவே ஒட்டிவிட்டார்.

"பாரு, ஒண்ணுகூட வெட்டல!"

பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் மேலே பார்த்தான். "அண்ணே, காத்து எங்க போகும்?"

"அதுக்குக் கதவு இருக்குல்ல? நீ உன் ஒயரைப் பாரு."

முதல் நாள் மனைவி வெந்நீரைத் திறந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஆவி மண்டிக் கம்பி எங்கே என்று தெரியவில்லை. மூச்சு முட்டியது. சோப்பு நுரையோடு தட்டுத்தடுமாறிக் கதவைத் திறந்தாள்.

"இனிமே கதவைத் திறந்து வச்சுக் குளிம்மா. இல்லேன்னா நானே உள்ள வர்றேன்" என்றாள் மகள்.

"திறந்து வச்சுக் குளிக்கிறதுக்கு வாசல்லயே குளிச்சிடலாமே, போறவங்க முதுகு தேச்சுவிடுவாங்க."

"சூட்டைக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றார் அவர்.

"உங்க சுவத்துக்காக நான் பச்சத்தண்ணில விறைக்கணுமா?"

சாயங்காலம் யாரும் இல்லாதபோது அவர் உள்ளே போய்த் தரையைத் தடவிப் பார்த்தார். காலையில் விழுந்த தண்ணீர் இன்னும் காயவில்லை. ஈரம் காயாத தரை எவ்வளவு சொரசொரப்பாக இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். ஏற்கெனவே ஒரு முறை விழுந்தவள். எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தார்.

சுவரை அவரே துளைத்தார். பக்கத்து டைல் ஒன்று மூலையில் விரிசல் விட்டது. அதைக் கவனிக்காதவர்போல் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தினார். கதவைச் சாத்தி வெந்நீரைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். ஃபேன் சுற்றியது, ஆவி மட்டும் நகரவில்லை. எலக்ட்ரீஷியன் ஒரு துண்டுக் காகிதத்தை ஃபேன் பக்கம் பிடித்தான். அது கீழே விழுந்தது. கதவைத் திறந்துவிட்டுப் பிடித்தான், பச்சென்று ஒட்டிக்கொண்டது.

"உள்ள காத்து வந்தாத்தானேண்ணே வெளிய போகும்? கதவைத் தரையோட தரையா இழைச்சு வச்சிருக்கீங்க, எறும்புகூட நுழையாது."

அந்தக் கச்சிதத்தையும் அவர் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டவர்தான். கதவைக் கழற்றி, அடியில் ஒரு விரல் அகலம் அறுத்துத் திரும்ப மாட்டினார்.

மறுநாள் காலை மனைவி உள்ளே போய்த் தாழ் போட்டாள். மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். ஃபேன் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன.

"என்ன, ஆச்சா?" என்றார் அவர்.

"ஆகல."

"மூச்சு கீச்சு...?"

"எல்லாம் நல்லா இருக்கு. கதவுகிட்ட காவல் நிக்காதீங்க. கீழ உங்க கால் தெரியுது."

அவர் கூடத்துக்குப் போனார். அவள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.