தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்குப் பாஸ்போர்ட்

திருப்பூரில் நான் குமாஸ்தாவாக இருந்த பனியன் கம்பெனியில் தெய்வாத்தாளுக்குப் பிசிறு வெட்டுகிற வேலை. தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலைக் கத்தரித்துக் கொடுக்க வேண்டும். குடியிருந்ததும் எங்கள் பக்கத்து வீட்டில்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. வாய் மட்டும் நீளம். "ஏனுங்க, பனியனுக்குக் கழுத்து வெச்சீங்களா, வாய்க்கால் வெட்டுனீங்களா?" என்று முதலாளியையே கேட்டவள். கணவர் கன்னையன் வீட்டில் பேசி யாரும் கேட்டதில்லை. பேச விட்டால்தானே?

என் தங்கை அமராவதிக்கு முதல் இரண்டு குழந்தைகளும் மாதம் திரும்புவதற்குள் போய்விட்டன. மாப்பிள்ளை பினாங்குக்கு வேலைக்குப் போய்விட, அவள் எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். மூன்றாவது அறுபத்தைந்து சித்திரையில் பிறந்தான். இப்படித் தங்காத வீட்டில் பிறந்த பிள்ளையை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வேறு வீட்டுப் பிள்ளை என்று எமன் ஏமாந்து போவானாம். தெய்வாத்தாள் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து வாங்கினாள். நல்லான் என்று பெயர் வைத்ததும் அவள்தான். வளர்ப்பது என்னவோ அமராவதிதான், ஆனால் என் பிள்ளை என்று அவள் வாய் திறந்து சொல்லக் கூடாது.

"அக்கா, உங்க பையனுக்குப் பால் குடுக்கட்டுங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"குடு அம்மிணி. எம்பையன் எளைச்சாப்புல இருக்கறான், வயிறு நெறையக் குடு," என்பாள் தெய்வாத்தாள்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பிறகு கம்பெனி விட்டதும் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். பிள்ளையும் அவள் குரல் கேட்டால் பாலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

நகராட்சியில் பிறப்பைப் பதியப் போனவன் நான். "அண்ணா, அங்கயும் அவங்க பேரையே சொல்லீருங்க," என்று தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். நாலெழுத்துப் படித்தவன் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டுமா, இல்லையா? சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளையும் குழியில் வைத்த கை இது, பயமாக இருந்தது. தகப்பன் கன்னையன், தாய் தெய்வாத்தாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறு வருஷம் ஐப்பசியில் பினாங்கிலிருந்து மாப்பிள்ளை சிவசுப்பிரமணியத்தின் கடிதம் வந்தது. அங்கே ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறவர், மகனை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. இருவரும் வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகட்டும், தை மாதக் கப்பலுக்குச் சொல்லிவிட்டேன், பையனுக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். மனுவை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் நகராட்சியில் எழுதிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அரசாங்கத் தாளின்படி நல்லான் என் தங்கைக்கு யாரோ.

தாலுகா ஆபீசில் போய் விசாரித்தேன். இரண்டு பெண்களும் அதிகாரி முன்னால் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் பதிவைத் திருத்தலாம் என்றார்கள்.

"பெத்தவ நாந்தான்னு சொல்லி, அப்புறம் இவனுக்கும் ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" என்றாள் அமராவதி. "கப்பலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு வழியில்லாமல் தெய்வாத்தாளிடம் போனேன். அமராவதியும் பின்னாலேயே வந்தாள். தெய்வாத்தாள் பிள்ளையை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னைய என்ன சொல்லச் சொல்றீங்க தம்பி?"

"பையன் உங்களுது இல்லைன்னு சொல்லோணுங்க்கா."

"அது ஊருக்கே தெரியுமே. அதைய எதுக்கு நாஞ் சொல்லோணும்?"

அமராவதி அழுதாள். தெய்வாத்தாள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். "அழுவாத அம்மிணி. நீ வாயத் தொறக்க வேண்டாம், கையெழுத்தை மட்டும் போடு. சொல்ல வேண்டியதை நாஞ் சொல்லிக்கறேன்."

இருவர் வாக்குமூலத்தையும் முத்திரைத்தாளில் நானே எழுதினேன். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்சம் வக்கீல் மிடுக்கு வந்துவிடும். தெய்வாத்தாளுடையதை அதிகாரி வாசித்தார்: "நல்லான் என்ற குழந்தையை நான் பெறவில்லை. மேற்படி குழந்தைக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை."

"சாமி, மொதல் வரி நெசமுங்க," என்றாள் தெய்வாத்தாள். "ரெண்டாவது வரிய மட்டும் அடிச்சுருங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். அடித்தால் வேறு முத்திரைத்தாள் வாங்கி எழுத வேண்டும். அவரோ அன்று மத்தியானம் முகாமுக்குக் கிளம்புகிறார், திரும்பப் பதினைந்து நாள் ஆகும். கப்பல் காத்திருக்குமா?

"எழுதியாச்சுங்க்கா, இருக்கட்டும். வெறும் காகிதம்தானுங்க," என்றேன்.

அவள் கையை நீட்டினாள். ஆபீஸ் குமாஸ்தா பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் அழுத்தினார். அமராவதி தன் தாளில் கையெழுத்துப் போட்டாள். வெளியே வரும்போது அந்தக் குமாஸ்தா என் காதோரம், "மொதல் வரியே போதுமுங்க. அந்த ரெண்டாவது எதுக்குங்க எழுதுனீங்க?" என்றார். காதோரம் சொன்னதுதான். இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்த தெய்வாத்தாள் நின்றாள். திரும்பவில்லை. "அரை நாள் வேலை மிச்சம் இருக்குங்க," என்று கம்பெனிப் பக்கம் நடந்துவிட்டாள்.

பாஸ்போர்ட் வந்தது. கப்பலும் ஏறினார்கள். ஆறு மாதத்துக்கென்று போனவர்கள் திரும்பி வரவில்லை. நல்லானுக்கு ஒரு குறையும் வரவில்லை, அங்கேயே வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறான். தாலுகா ஆபீசில் ஏதோ ஒரு கட்டுக்குள் அந்தக் காகிதமும் இருக்கும். அவனுக்கும் அவளுக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்று, என் கையெழுத்தில், அவள் ரேகையோடு.