பகலில் விளக்கு எரியும் வண்டி

மூன்று தட்டு. சற்று இடைவெளி. அதன் பிறகுதான் சவ வண்டியின் பின்கதவுக் கைப்பிடியைத் திருப்புகிறார் லுவீனியா அத்தை. உள்ளே படுத்திருப்பவர் நேற்று மாலையே இறந்துபோனவர், எழுந்து "யாரது?" என்று கேட்கப்போவதில்லை. ஆனாலும் வெள்ளைக் கையுறை போட்ட விரல் முட்டியால் தட்டாமல் அத்தை எந்தப் பெட்டியையும் திறந்ததில்லை. "அடுத்தவங்க வீட்டுக்குள்ள தட்டாமப் போவியா நீ? இப்ப இதுதான் அவங்க வீடு," என்பார். பிறகு உள்ளே குனிந்து, "வந்துட்டோங்க, கொஞ்சம் அலுங்கும், பொறுத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இழுப்பார்.

செத்தவர்களுக்கு மட்டும்தான் இந்த 'ங்க'. உயிரோடு இருப்பவர்கள், பாதிரியார் உட்பட, எல்லோரும் அத்தைக்கு 'நீ'தான்.

ஹேஸ்டன் பாலத்துக்கு இந்தப் பக்கம் வாழும் கறுப்பர்களைக் கடைசியாகக் குளிப்பாட்டி, உடுத்தி, தலைவாரி அனுப்புகிறவர் அவர். கணவர் விட்டுச்சென்ற தொழில். கணவரையும் அவரே அனுப்பிவைத்தார். அலபாமாவில் வெள்ளையர் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் எங்கள் தெருக்களுக்கு வராது என்பதால் அந்த ஒரே வண்டிதான் ஆம்புலன்ஸும். கூரையில் சிவப்பு விளக்கைப் பொருத்தினால் ஆம்புலன்ஸ். கழற்றினால் சவ வண்டி. ஏறும்போது விளக்கு இருந்து, பாதி வழியில் ஓரமாக நிறுத்திக் கழற்ற நேர்ந்த நாட்களும் உண்டு. என் தம்பி அந்த வண்டியில்தான் பிறந்தான்.

எதிரே யார் வந்தாலும் அத்தையின் பார்வை தலையில் தொடங்கிச் செருப்பில் முடியும். பிறகு தோளின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும். கல்யாண வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார யாருக்கும் விருப்பமில்லை. சிகாகோ, நியூயார்க், பிறகு ஒரு சரக்குக் கப்பலின் சமையற்கட்டு என்று வருஷக்கணக்கில் திரிந்துவிட்டு நான் போன பனிக்காலம் ஊர் திரும்பியபோது, கட்டிக்கொள்ளும் முன் என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

"ரொம்ப எளைச்சுட்டடி. பழைய அளவு இனி ஆகாது."

"எதுக்கு அத்தை ஆகாது?"

"எதுக்கோ. இந்தா, பெப்பர்மின்ட் சாப்பிடு."

அவர் கைப்பையில் எப்போதும் பெப்பர்மின்ட் இருக்கும். சாவு வீட்டில் ஓங்கி அழுகிறவர்கள் வாயில் ஒன்றைப் போட்டுவிடுவார். "அழுகைக்கும் ஒரு எடவெளி வேணும். இல்லன்னா அடக்கத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது."

எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் வாக்காளர் பெயரைப் பதியும் அறை மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைகளில்தான் திறக்கும். அந்த இரண்டு நாளும் துணை ஷெரிஃப் லாமர் தன் ஆட்களோடு பாலத்தின் மேல் நிற்பான். கறுப்பர்கள் ஏறிய கார் வந்தால் பின்விளக்கு சரியில்லை என்பான். பின்விளக்கு சரியாக இருந்தால் சக்கரத்தில் சேறு. சேறும் இல்லாவிட்டால் இன்னும் மோசம்: இவ்வளவு சுத்தமாகக் கழுவி வைத்திருக்கிறாயே, எதை மறைக்க? நடந்து போனால் கூட்டம் கூடியதாக வழக்கு. தனியாக நடந்தால் காரணமில்லாமல் திரிந்ததாக வழக்கு. இனிமேல் எல்லோரும் ஒன்று என்று வாஷிங்டனில் சட்டம் போட்டதாக ரேடியோ சொன்னது. சட்டத்தையும் லாமர் பாலத்தில் நிறுத்தி வைத்திருந்தான் போலிருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் அவன் வழிவிடுவான். பட்டப்பகலில் முன்விளக்கு எரிய ஒரு சவ வண்டியும், அதன் பின்னால் விளக்கெரியும் கார்களும் வந்தால், எங்கள் ஊர்ப் பக்கம் யார் வண்டியானாலும் ஓரங்கட்டும்; தொப்பி போட்டவர்கள் கழற்றுவார்கள். லாமரின் பெரியப்பா ஒருமுறை, கறுப்பன் சாவுதானே என்று தொப்பியைத் தலையிலேயே வைத்திருந்தார். அந்த வாரமே பீச் பழக் கொட்டை தொண்டையில் சிக்கிச் செத்தார். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் கொட்டை இன்னும் இறங்கவில்லை. சவ வண்டியைப் பார்த்தால் லாமரின் கை தானாகத் தலைக்குப் போகும்.

அத்தை இதை எத்தனையோ வருஷமாக ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இந்த வசந்தத்தில்தான் அவருக்கு உறைத்தது.

"உசுரோட போனா மறிக்கிறான். செத்துப்போனா தொப்பியக் கழட்டுறான். அப்ப செத்தே போவோம்."

அதிலிருந்து பதிவுத் திங்கள்தோறும் எங்கள் ஊரில் ஒரு சாவு. முன்னால் சவ வண்டி, உள்ளே பெட்டி, பெட்டியின் மேல் எப்போதும் அதே காகிதப் பூவளையம். பின்னால் மூன்று கார்களில் கறுப்பு உடுத்தி, கைக்குட்டையும் கையுமாக, பெயர் பதியப் போகிறவர்கள். கறுப்பர் கல்லறை நீதிமன்றத்துக்குப் பின்பக்கம்தான். அங்குள்ள சின்னக் கோயிலில் முகம் கழுவிக்கொண்டு, சந்து வழியாகப் பக்கவாட்டுக் கதவு வரிசையில் போய் நிற்பார்கள். பெட்டி சும்மா போவது அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அதுலயும் ஒரு ஓட்டு போகட்டும்," என்று அடியில் காற்றுக்குத் துளை போட்டார். அவர் மட்டும் வரிசைக்குப் போகமாட்டார். வண்டியை விட்டு நகர்ந்தால் யாராவது எட்டிப்பார்ப்பார்கள்.

"ஏ லுவீனியா, திங்கக்கெழமன்னா உங்க பக்கம் ஒரு சாவு விழுதே?" என்று லாமர் ஒருநாள் கேட்டான்.

"ஞாயித்துக்கெழம கோயில்ல பாடிப் பாடிக் களைச்சுடறாங்க தொரை."

அவன் தலையை ஆட்டினான். எங்கள் பாட்டைக் கேட்டவன்தான்.

இதில் வந்து மாட்டிக்கொண்டவர் ஹோசியா பிராட்னாக்ஸ். மர அறுவை ஆலையில் முதுகொடிந்து, இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளையர் தோட்டங்களில் புல் வெட்டுகிறவர். பெயர் பதியப் பலமுறை போய்த் திரும்பியவர். அரசியல் சட்டத்தில் ஒரு பத்தியை வாசித்து விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியா தவறா என்பதைப் பதிவாளர் காலையில் சாப்பிட்டது செரித்ததா இல்லையா என்பது தீர்மானிக்கும். ஹோசியா போன நாள் ஒன்றில்கூட அவருக்குச் செரித்திருக்கவில்லை. ஒரு முழங்கால் மடங்காததால் அவரைக் காரில் திணிக்க முடியவில்லை. அதனால் பெட்டி அவருக்கு வாய்த்தது. அவர் குறட்டை விடுவார் என்பது பாலத்தின் நடுவில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் முன்னிருக்கையில் அத்தை பக்கத்தில் இருந்தேன். லாமர் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தான். பின்னாலிருந்து ரம்பம் போடும் சத்தம். அத்தை சட்டென்று ஒரு துதிப்பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். அவருக்குச் சுருதி சேராது. அன்றைக்கு அதுவே உதவியது.

"என்ன சத்தம் அது?"

"எஞ்சின் பழசு தொரை."

"அணை."

அத்தை அணைத்தார். ஆற்றுத் தண்ணீர் ஓடுவது கேட்டது. பிறகு மறுபடியும் ரம்பம்.

"பொணத்துக்குள்ள காத்து நிக்கும் தொரை," என்றார் அத்தை, நிதானமாக. "வெயில் நாள்ல வெளிய வரும். தெறந்து காட்டவா?"

லாமர் பின்வாங்கினான். "வேணாம், வேணாம். யாரு அது, பாவம்?"

இங்கேதான் அத்தை சறுக்கினார். வேறு எந்தப் பொய்க்கும் அவர் வாய் தயாராக இருந்தது. ஆனால் பெட்டிக்குள் இருப்பவரின் பெயரை மாற்றிச் சொல்வது அவர் தொழிலில் மன்னிப்பில்லாத பாவம். வாழ்நாளில் செய்ததில்லை. வாய் தன் வழக்கப்படி உண்மையைச் சொல்லிவிட்டது.

"ஹோசியா பிராட்னாக்ஸ், தொரை."

"எங்கம்மா தோட்டத்துல புல்லு வெட்டுற ஹோசியாவா? சனிக்கெழம பாத்தேனே."

"சாவு சொல்லிட்டா வருது."

அன்று வரிசை நகரவே இல்லை. ஹோசியாவின் முறை வருமுன் அறையைப் பூட்டிவிட்டார்கள். மாலையில் லாமரின் தாயார் துக்கம் விசாரித்து ஹோசியா வீட்டுக்கு ஒரு கேரமல் கேக் அனுப்பியிருந்தார். அதை ஹோசியாவே தின்றார். "உசுரோட இருந்தப்ப அந்தம்மா தண்ணிகூடக் குடுத்ததில்ல. செத்தது நல்லதாப் போச்சு," என்றார்.

நல்லதாகப் போகவில்லை. அடுத்த பதிவுத் திங்களன்று லாமர் கண்ணில் படக்கூடாது என்பதால் அவர் கறுப்பு முக்காடு போட்டு, மடங்காத காலைக் கார் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, யாரோ ஒருவரின் விதவையாகப் பாலத்தைக் கடந்தார். பதிவாளர் முன்னால் நின்று முக்காட்டை எடுத்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நின்றேன்.

"பேரு?"

"ஹோசியா பிராட்னாக்ஸ்."

"அவன் செத்துட்டான்."

"இல்லைங்க, நான்தான் அது."

"எனக்குத் தெரியாதா? லாமர் அம்மா கேக் அனுப்பினாங்க."

"நல்ல கேக்குங்க."

பதிவாளர் பேனாவை மூடிவைத்தார். "பாலத்துல தொப்பி கழட்டி அனுப்பிவச்ச ஆளு நீ. சட்டம்னு ஒண்ணு இருக்கு. செத்தவன் பேரை எழுத முடியாது. ஒன்னை அடக்கம் பண்ணவ இங்க வரட்டும். பைபிள் மேல கைவச்சு, இவனை நான் பொதைக்கலன்னு சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

விஷயத்தைக் கேட்டபோது அத்தை தன் பட்டறையில் ஒரு புதுப் பெட்டிக்கு உள்பக்கம் சாட்டின் துணி தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நிற்கவில்லை.

"வெள்ளக்காரன் செத்தாலும் ஓட்டு போடறான். அந்தப் பதிவாளரோட தாத்தா மண்ணுக்குள்ள போயி எத்தினி வருசம், இன்னும் ஒரு எலெக்சன் விட்டதில்ல. நம்மாளு உசுரோட போயி நின்னா செத்துட்டன்னு சொல்றான்."

"என்னைச் சாவடிச்சது நீ," என்றார் ஹோசியா. "உசுரு குடுக்கவேண்டியதும் நீதான் லுவீனியா."

"நான் போயிச் சொன்னா, பொய்ச்சாவு ஊர்வலம் வுட்டவன்னு லாமர் என்னைத் தூக்கி உள்ள போடுவான். லைசென்ஸ் போயிடும். அப்புறம் நம்ம ஆளுங்கள யாரு பொதைக்கிறது? வலி கண்டவள யாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது? ஒன்னோட ஒரு ஓட்டுக்கு நான் அம்புட்டையும் வைக்கணுமா?"

ஹோசியா நொண்டிக்கொண்டு போய், அத்தை தைத்துக்கொண்டிருந்த பெட்டிக்குள் ஏறிப் படுத்தார். கைகளை மார்பில் கோத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"எந்திரி ஹோசியா. துணி கசங்குது."

அசைவில்லை. அத்தை பெட்டியின் பக்கவாட்டில் மூன்று முறை தட்டினார். "எந்திரின்னு சொல்றேன்ல."

"செத்தவங்ககிட்ட மரியாதையாப் பேசு," என்றார் ஹோசியா, கண்ணைத் திறக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கு வரவில்லை. படுத்திருந்தவரைத் தலையிலிருந்து செருப்புவரை பார்த்தார். தோளின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பார்த்தார். அந்தப் பெட்டி அவருக்குச் சரியான அளவாக இருந்தது. அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"முன்சீட்டுல காலை நீட்ட எடமிருக்கு," என்றார். "எந்திரிங்க."

போன திங்கட்கிழமை வண்டியில் பெட்டி இல்லை, பூவளையம் இல்லை. பின்னால் எந்தக் காரும் வரவில்லை. பெட்டி வைக்கும் இடத்தில் நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் திரைகளை அத்தை கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டார். ஹோசியா முன்னால், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு, காலை நீட்டி. கிளம்பும்போது அத்தையின் கை பழக்கத்தில் முன்விளக்கைப் போட்டது. நான் சொல்ல வாயெடுத்தேன். பேசும் நிலையில் அவர் இல்லை. வாயில் இரண்டு பெப்பர்மின்ட் இருந்தது.

பகலில் எரியும் விளக்கைத் தூரத்திலேயே பார்த்து லாமரின் கை தலைக்குப் போனது. அவன் ஆட்களும் வரிசையாகத் தொப்பியைக் கழற்றினார்கள். பாலத்தின் நடுவில், அவன் பக்கத்திலேயே, அத்தை வண்டியை நிறுத்தினார்.

லாமர் குனிந்து பார்த்தான்.

"ஹோசியா?"

"ஆமாங்க. கேக் நல்லாருந்துச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க."

லாமர் என்னைப் பார்த்தான். பெட்டி இல்லாத தரையைப் பார்த்தான். அவன் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டு வந்தது. தொப்பியைத் தலையில் வைக்கலாமா கூடாதா என்று கைக்குத் தெரியவில்லை. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப இன்னைக்கு யாரு செத்தது, லுவீனியா?"

"யாரும் சாகல," என்றார் அத்தை. தொரை என்று சேர்க்கவில்லை. "இவரு பேரு குடுக்கணும். நானும் குடுக்கணும்."

பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. அதன் ஓட்டுநரும் சவ வண்டியைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

அத்தை வெள்ளைக் கையுறைகளை ஒவ்வொரு விரலாக உருவி மடியில் வைத்தார். லாமரின் தொப்பி இன்னும் அவன் மார்பில்தான் இருந்தது. அத்தை வெறுங்கையை நீட்டி, முன்விளக்குகளை அணைத்தார்.